சிறுநீரகத் திசுவில் மூலக்கூறுகளைப் படம் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்னி பயாப்ஸி எடுத்தவர்கள், எடுக்கச் சொல்லப்பட்டவர்கள், அவர்கள் வீட்டார், இந்தத் துறைக்குள் நுழைய நினைக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது. சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசியே எடுங்கள். இங்கே சொல்லப்படுவது, அந்தச் சிறு திசுத்துண்டுக்குள் இன்று எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது, அதனால் என்ன மாறியிருக்கிறது என்பதைத்தான்.

திசுவில் மூலக்கூறுகளைப் படம் பிடிப்பது என்றால் என்ன?

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துண்டை மிக மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். அந்தச் சீவலில் எந்தப் புரதம், எந்த ஆர்என்ஏ (இயங்கும் ஜீனின் நகல்), எந்தக் கொழுப்பு, எந்தச் சிறு வேதிப்பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடம்போலக் காட்டும் முறைகள் பல உண்டு. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் இது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் திசுவின் வடிவம் தெரியும். இந்த முறைகளில் வடிவத்தோடு சேர்த்து, அது எதனால் ஆனது, எந்தச் செல் என்ன வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்பதும் தெரியும்.

இது ஸ்கேன் மாதிரியா? மெஷினுக்குள் படுக்க வேண்டுமா?

இல்லை. டிடிபிஏ, டிஎம்எஸ்ஏ போன்ற ஸ்கேன்களில் மருந்தை உடலுக்குள் செலுத்தி, வெளியிலிருந்து படம் எடுக்கிறார்கள். இங்கே உடலைவிட்டு வெளியே வந்த திசுவைத்தான் ஆய்வகத்தில் படம் எடுக்கிறார்கள். நோயாளியின் பங்கு பயாப்ஸியோடு முடிந்துவிடும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தானே எழுதுகிறார்கள்? அது போதாதா?

பெரும்பாலான நேரங்களில் போதும். ஆனால் சிறுநீரக நோய்களில் பழைய சிக்கல் ஒன்று உண்டு: பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர், கண்ணுக்குத் தெரிந்த உருவத்தின் பெயர். வடிகட்டிச் சுவர் தடித்திருந்தால் மெம்பிரேனஸ், ஆங்காங்கே தழும்பு விழுந்திருந்தால் எஃப்எஸ்ஜிஎஸ். ஏன் தடித்தது, எது தழும்பாக்கியது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஒரே உருவத்துக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுக்குப் பலிக்கும் மருந்து இன்னொன்றுக்கு வீணாகலாம், கெடுதலும் செய்யலாம்.

1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே, நிக்கோல் ஆங்லே என்ற இருவர், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதங்களை)க் கொண்டு பயாப்ஸித் துண்டுகளைப் பார்த்தார்கள். வெறும் மைக்ரோஸ்கோப்பில் பொதுவான நெஃப்ரைட்டிஸ் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய சிலரின் திசுவில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி, வடிகட்டி முடிச்சின் நடுப்பகுதியில் படிந்து கிடந்தது. இன்று ஐஜிஏ நெஃப்ரோபதி என்று நாம் சொல்லும் நோய் இப்படித்தான் தனி நோயாக அடையாளம் பெற்றது. குளோமருலஸ் என்ற வடிகட்டி முடிச்சைத் தாக்கும் முதன்மை நோய்களில் உலகிலேயே மிகப் பரவலானது அதுதான். மூலக்கூறைப் பார்க்க வழி இல்லாதவரை அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் 'ஐஎஃப்' (இம்யூனோஃப்ளோரசன்ஸ், அதாவது இந்த ஒளிரும் ஆன்டிபாடிச் சோதனை) என்று தனியாக ஒரு பத்தி இருக்கும், ஐஜிஜி, ஐஜிஏ, சி3 என்று பிளஸ் குறி போட்டிருப்பார்கள். அதுவும் மூலக்கூறுப் படம்தான். ஆக, இந்தத் துறை நேற்று முளைத்ததன்று. முன்பு சுமார் எட்டு ஒன்பது மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இப்போது நாற்பது ஐம்பது புரதங்களை, சில முறைகளில் ஆயிரக்கணக்கான ஜீன்களை, ஒரே சீவலில் பார்க்கிறார்கள்.

ஒரு மூலக்கூறு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதாதா? எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா?

சிறுநீரகத்தில் மிக முக்கியம். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை நிறையவே மாறும். ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு வடிகட்டி முடிச்சில் தொடங்கி, வளைந்து நெளிந்து, கீழே இறங்கி, மேலே ஏறி, சேகரிப்புக் குழாயில் போய்ச் சேருகிறது. வழியில் அடுத்தடுத்து இருக்கும் செல்கள் தொழிலில் முற்றிலும் வேறுபட்டவை. முதல் பகுதியில் இருக்கும் செல் சர்க்கரையையும் உப்பையும் மீட்டு எடுக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் செல் தண்ணீரைத் தன் வழியே கடக்கவே விடாது. இந்த ஏற்பாட்டால்தான் ஒரு நாளில் வடியும் சுமார் 180 லிட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது.

திசுவைக் கரைத்து, செல்களைப் பிரித்து, ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏ-வையும் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அருமையான முறைதான். ஆனால் அதில் கிடைப்பது தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத வாக்காளர் பட்டியல். யார் யார் ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. சிறுநீரக நோயில் பக்கத்து வீடு முக்கியம். காயம்பட்ட குழாய்ச் செல் ஒன்றைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் கூடி, அவற்றுக்கு அருகில் தழும்பு உண்டாக்கும் செல்கள் விழித்துக்கொண்டால், அந்த இடம் நிரந்தரமாக வீணாகும் பாதையில் போகிறது என்று பொருள் கொள்ளலாம். இதே செல்கள் தனித்தனியே சிதறிக் கிடந்தால் கதை வேறு.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் சி4டி, நோயெதிர்ப்புத் தாக்குதலின் தடயமாகத் திசுவில் ஒட்டி நிற்கும் ஒரு புரதத் துண்டு. குழாய்களைச் சுற்றி ஓடும் நுண்ணிய இரத்த நாளங்களின் சுவரில் அது வரிசையாக ஒளிர்ந்தால், உடலின் ஆன்டிபாடிகள் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குகின்றனவோ என்று மருத்துவர் உடனே சந்தேகப்படுவார். வடிகட்டி முடிச்சுக்குள் மட்டும் இலேசாகத் தெரிந்தால் அந்த அவசரம் இல்லை. மூலக்கூறு ஒன்றேதான், இருக்கும் இடம்தான் முடிவை மாற்றுகிறது.

எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

வழிகள் பல. எல்லாவற்றையும் அடுக்காமல் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆன்டிபாடிகளைக் கொண்டு புரதங்களைத் தேடுவது. பழைய முறையில் ஒரு சீவலில் மூன்று நான்கு நிறங்களுக்கு மேல் போக முடியாது, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் கேரி நோலன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட கோடெக்ஸ் முறையில் ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் ஒரு சிறு டிஎன்ஏ அடையாளத்தை ஒட்டினார்கள். எல்லா ஆன்டிபாடிகளையும் ஒரே நேரத்தில் திசுவில் ஏற்றிவிட்டு, சுற்றுக்கு இரண்டு மூன்றாக ஒளிரவைத்து, படம் எடுத்து, நிறத்தைக் கழுவிவிட்டு, அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். கடைசியில் எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். நிறத்துக்குப் பதில் உலோகத்தை ஒட்டி, லேசரால் புள்ளி புள்ளியாக ஆவியாக்கி எடை பார்ப்பது இதன் இன்னொரு வடிவம்.

இரண்டாவது, ஆர்என்ஏ-வை இடத்தோடு படிப்பது. ஸ்டாக்ஹோமில் உருவாகி 2016-இல் வெளிவந்த முறை இது. கண்ணாடித் தட்டில் முகவரி எழுதிய புள்ளிகளைப் பதித்திருப்பார்கள். மேலே திசுவை வைத்ததும் அந்தந்த இடத்து ஆர்என்ஏ அந்தந்தப் புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். இதை வணிக வடிவில் கொண்டுவந்த விசியம் தட்டில் ஒரு புள்ளியின் விட்டம் 55 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வடிகட்டி முடிச்சின் விட்டம் சுமார் 200 மைக்ரான் என்பதால் ஒரு முடிச்சின்மேல் சில புள்ளிகள் விழும். ஆனால் ஒரு செல் பத்து மைக்ரான் அளவுதான். ஒரே புள்ளிக்குள் பல செல்கள் கலந்துவிடும். அப்புறம் வந்த தட்டுகளில் இந்த அளவு 2 மைக்ரான்வரை இறங்கிவிட்டது.

மூன்றாவது மால்டி. எனக்கு மிகவும் பிடித்தது இது, காரணம் சொல்கிறேன். மேலே சொன்ன ஆன்டிபாடி முறையில் எதைத் தேடப்போகிறோம் என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும். தேடாதது கண்ணில் படாது. மால்டியில் திசுவின்மேல் ஒரு வேதிப்பொருளைத் தூவி, லேசரை வரிசையாகப் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் மூலக்கூறுகளின் எடையைக் கருவி அளக்கிறது. யாரும் எதிர்பாராத ஒரு பொருள் அங்கே இருந்தாலும் அதன் எடை பதிவாகிவிடும். ஆன்டிபாடி செய்ய முடியாத கொழுப்புகள், சர்க்கரைகள், செல்லின் அன்றாடக் கழிவுகள் எல்லாம் தெரியவருகின்றன. மருந்து திசுவுக்குள் போய்ச் சேர்ந்ததா என்றுகூடப் பார்க்கலாம். திசுவைப் படம் எடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1997-இல் காட்டியவர் ரிச்சர்ட் காப்ரியோலி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்த குழு இன்று சிறுநீரக வரைபட வேலையில் முன்னணியில் இருக்கிறது.

நான்காவது, லேசரால் வெட்டி எடுப்பது. இது தனிக் கேள்விக்குரியது.

லேசரால் வெட்டி எடுப்பதால் நோயாளிக்கு என்ன பயன் கிடைத்திருக்கிறது?

நோயாளியின் சிகிச்சையை நேரடியாக மாற்றியது இந்த முறைதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, நோய் படிந்த இடத்தை மட்டும் லேசரால் வெட்டி எடுத்து, அதில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று, மூலக்கூறுகளை எடையால் இனம்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் படிக்கிறார்கள்.

அமிலாய்டோசிஸை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு புரதம் மடிப்புத் தவறி, சிறுநீரகத்தில் படிந்து அடைக்கிறது. காங்கோ ரெட் சாயம் ஏற்றினால் அமிலாய்டு என்று தெரிந்துவிடும். ஆனால் எந்தப் புரதம்? எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் லைட் செயின் (ஆன்டிபாடியின் ஒரு துண்டு) என்றால் கீமோதெரபி அவசரம். 2008-இல் அடையாளம் காணப்பட்ட லெக்ட்2 என்ற புரதம் என்றால் கீமோதெரபியால் எந்தப் பயனும் இல்லை, பக்கவிளைவு மட்டும்தான் மிஞ்சும். இந்த வகை மெக்சிகோ வம்சாவளியினரிடம் அதிகம், பஞ்சாபிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சாயத்தில் ஒரே மாதிரி தெரியும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவினர் படிவை வெட்டி எடுத்து, உள்ளே இருப்பது எது என்று நேரடியாகப் படிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தினார்கள். தேவையில்லாத கீமோவிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய பயன் ஒரு பரிசோதனைக்கு என்ன வேண்டும்?

இன்னொன்று ஃபைப்ரில்லரி குளோமருலோநெஃப்ரைட்டிஸ், வடிகட்டி முடிச்சில் நுண்ணிழைகள் படியும் நோய். இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும், அது எல்லா ஊரிலும் இல்லை. 2018-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே, இதே வெட்டி எடுக்கும் முறையில், இந்த நோயின் படிவில் டிஎன்ஏஜேபி9 என்ற புரதம் ஏராளமாக இருப்பதைக் கண்டன. வேறு சிறுநீரக நோய்களில் அது அப்படிப் படிவதில்லை. இப்போது அந்தப் புரதத்துக்கான சாயத்தைச் சாதாரண மெழுகுச் சீவலில் ஏற்றினாலே நோயைச் சொல்லிவிட முடிகிறது. கோடிகள் மதிப்புள்ள கருவி ஒன்று கண்டுபிடித்ததை, எளிய ஆய்வகமும் செய்துகொள்ளும்படி ஆயிற்று. இந்தத் துறையின் உண்மையான பலன் இப்படித்தான் நம் ஊர்வரை வந்து சேரும் என்று நம்புகிறேன்: பெரிய கருவி எங்கோ ஓரிடத்தில் இருக்கும், அது கண்டுபிடித்த சாயம் எல்லா இடத்துக்கும் வரும்.

மெம்பிரேனஸ் நோயில் 'நெல்-1' என்று எழுதியிருக்கிறார்கள். பாதரசம் கலந்த மருந்து, சிவப்பழகு கிரீம் பற்றியெல்லாம் கேட்டார்கள். ஏன்?

மெம்பிரேனஸ் நெஃப்ரோபதியில் வடிகட்டிச் சுவரின் வெளிப்புறம் ஆன்டிபாடிகள் படிகின்றன. காலில் வீக்கம், சிறுநீரில் நுரை, நிறையப் புரதம் வெளியேறுவது ஆகியவை அறிகுறிகள். பல பத்தாண்டுகளாக 'காரணம் தெரியாதது' என்றே எழுதி வந்தார்கள். 2009-இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெக், டேவிட் சலண்ட் குழுவினர், பெரும்பாலானோருக்குத் தாக்கப்படும் இலக்கு பிஎல்ஏ2ஆர் என்ற புரதம் என்று கண்டுபிடித்தார்கள். அது படங்களால் வந்த கண்டுபிடிப்பன்று, இரத்தத்தில் இருந்த ஆன்டிபாடியைக் கொண்டு செய்தது. மீதிப் பேருக்கு இலக்கு எது என்ற கேள்விக்குத்தான் லேசர் வெட்டு உதவியது. மேயோவில் சஞ்சீவ் சேத்தி குழுவினர் அப்படிப்பட்டவர்களின் வடிகட்டி முடிச்சுகளை வெட்டி எடுத்துப் படித்து, எக்ஸ்ட்1, எக்ஸ்ட்2, நெல்-1 என்று அடுத்தடுத்து வெளிக்கொணர்ந்தார்கள்.

நெல்-1 வகை சிலருக்குப் புற்றுநோயோடு சேர்ந்து வருகிறது என்று மேலைநாடுகளில் கவனித்தார்கள். இந்தியாவில் வேறொன்றும் தெரிந்தது. சென்னையில் உள்ள ரீனோபாத் என்ற சிறுநீரக நோய்க்குறியியல் மையத்தின் அனிலா ஆபிரகாம் குரியன், அமெரிக்கச் சகாக்களோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நெல்-1 வகை நோயாளிகளில் பலர் பாரம்பரிய மருந்துகள் உட்கொண்டவர்கள் என்பதைக் காட்டினார். அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது சந்தேகத்தை வலுப்படுத்தியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது.

அடுத்து கேரளத்தின் மலப்புரம் மாவட்டம். கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 முதல் 2023 வரை வந்த மெம்பிரேனஸ் நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு நெல்-1. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள். இத்தகைய கிரீம்கள் சிலவற்றிலும் பாதரசம் கலந்திருக்கும்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். எங்கோ ஓர் ஆய்வகத்தில் முடிச்சை வெட்டி எடுத்துப் புரதத்தின் பெயர் கண்டுபிடித்திருக்காவிட்டால், இந்த 13 பேரும் 'காரணம் தெரியாத மெம்பிரேனஸ்' என்ற கூடைக்குள்ளேயே கிடந்திருப்பார்கள். ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அதே கிரீமைப் பூசியிருப்பார்கள். திசுவில் தெரிந்த ஒரு புரதம், மருத்துவரை "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்கவைத்தது.

எல்லாச் சித்த, ஆயுர்வேத மருந்திலும் பாதரசம் இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்பம், செந்தூரம் வகைகளில் சில பாதரசம் சேர்த்துச் செய்பவை. மூலிகைக் குடிநீர்களின் கதை வேறு. ஆனால் எதைச் சாப்பிட்டாலும், எதைப் பூசினாலும், சிறுநீரக மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரில்லாத டப்பா என்றால் அதைச் சொல்வது இன்னும் முக்கியம்.

சர்க்கரை நோயால் வரும் கிட்னி பாதிப்பில் இது ஏதாவது சொல்லியிருக்கிறதா?

சொல்லியிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் குமார் சர்மா தலைமையிலான குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை மால்டியில் படம் எடுத்தபோது அடினைன் என்ற சிறு மூலக்கூறு, தடித்துப்போன இரத்த நாளங்களைச் சுற்றியும் கெட்டுப்போன வடிகட்டி முடிச்சுகளைச் சுற்றியும் குவிந்திருந்தது. எலிகளுக்குச் சிறுநீரக நோயை உண்டாக்க ஆய்வகங்கள் தீவனத்தில் அடினைன் கலப்பது பழைய வழக்கம்தான். மனிதச் சிறுநீரகத்தில், அதுவும் நோய் இருக்கும் இடத்திலேயே அது சேர்ந்திருக்கிறது என்பதுதான் புதுச் செய்தி.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. சிறுநீரில் அடினைன் அளவு கூடியிருந்தவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் அதிகம் என்று பார்த்தார்கள். சிறுநீரில் ஆல்புமின் அதிகம் இல்லாதவர்களிடமும் அது பொருந்தியது. அடினைன் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. நம்மிடையே ஆல்புமின் சோதனை 'நார்மல்' என்று வந்ததால் நிம்மதியாக இருந்து, சில ஆண்டுகளில் கிரியேட்டினின் ஏறி நிற்பவர்கள் உண்டு. அவர்களை முன்கூட்டியே இனம்காண ஒரு வழி கிடைக்கலாம் என்பதால் இந்த வேலையை ஆவலோடு கவனிக்கிறேன். மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை.

கேபிஎம்பி என்று அடிக்கடி கண்ணில் படுகிறதே, அது என்ன?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவு 2017-இல் தொடங்கிய பெரிய திட்டம், கிட்னி பிரிசிஷன் மெடிசின் புராஜெக்ட். திடீர் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தத்தால் நாள்பட்ட பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோரிடம், அவர்களின் சம்மதத்தோடு, ஆராய்ச்சிக்கென்றே பயாப்ஸி எடுக்கிறார்கள். ஒரே துண்டைப் பங்கிட்டு, மேலே சொன்ன முறைகளில் பலவற்றாலும் பல பல்கலைக்கழகங்கள் படிக்கின்றன. இண்டியானா பல்கலைக்கழகத்தில் 50 மைக்ரான் தடிமனுள்ள சீவல்களை முப்பரிமாணத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு செல்லையும் எண்ணுகிறார்கள்.

2023-இல் நேச்சர் இதழில் வெளியான சிறுநீரக வரைபடத்துக்கு நலமான சிறுநீரகங்கள் 45 பேரிடமிருந்தும், நோயுற்றவை 48 பேரிடமிருந்தும் வந்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களையும் செல் உட்கருக்களையும் படித்து, 51 முக்கியச் செல் வகைகளைப் பிரித்தார்கள். காயம்பட்ட குழாய்ச் செல்களில் சில தேறி எழுவதையும், சில தேறாமல் அரைகுறையாக நின்று அக்கம்பக்கத்தில் அழற்சியைத் தூண்டுவதையும் இடத்தோடு காட்டியது அதன் சிறப்பு. தகவல்கள் இணையத்தில் பொதுவில் இருக்கின்றன. மதுரையில் இருக்கும் ஒரு முதுகலை மாணவர்கூட, தமக்கு வேண்டிய ஜீன் எந்தச் செல்லில் இயங்குகிறது என்று தேடிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

சிகிச்சைக்குத் தேவையில்லாமல், ஆராய்ச்சிக்காக மட்டும் ஊசி குத்துவது சரியா?

நியாயமான கேள்வி. சிறுநீரகம் இரத்தம் நிறைந்த உறுப்பு. பயாப்ஸிக்குப் பிறகு சிறுநீரில் இரத்தம், உள்ளே இரத்தக்கட்டு ஆகியவை வரலாம். அரிதாக இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். கொடுப்பவருக்கு உடனடிப் பலன் எதுவும் உறுதியில்லை. அப்படியிருந்தும் சர்க்கரை நோயாளிகள் முன்வந்து கொடுக்கிறார்கள். சர்க்கரையால் வரும் சிறுநீரக பாதிப்புக்குப் பொதுவாக பயாப்ஸி எடுப்பதில்லை என்பதால், உலகில் மிக அதிகமானோரைத் தாக்கும் இந்த நோயின் திசுதான் ஆராய்ச்சியாளர்களிடம் மிகக் குறைவாக இருந்தது. தெளிவாக விளக்கி, எந்த நேரமும் விலகும் உரிமையோடு பெற்ற சம்மதம் இருந்தால் இது சரி என்பதே என் கருத்து. அவசரமாக நீட்டிய தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது.

நலமான சிறுநீரகத் திசு எங்கிருந்து கிடைக்கிறது?

கட்டிக்காக அகற்றிய சிறுநீரகத்தில் கட்டி இல்லாத பகுதி, உயிரோடு இருக்கும் கொடையாளரின் சிறுநீரகத்தில் பொருத்தும்போது எடுக்கும் சிறு துண்டு, இறந்தவர் கொடையளித்தும் பொருத்த முடியாமல்போன சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து. கட்டிக்குப் பக்கத்துத் திசுவை முழு நலமானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் விவசாயிகளுக்கு வரும் காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்கு இது உதவுமா?

உதவ வாய்ப்பு அதிகமுள்ள இடம் அதுதான். 1990-களிலிருந்து அங்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் சுருங்கிப் போகிறது. பாதிப்பு முக்கியமாகக் குழாய்களிலும் அவற்றின் இடைவெளியிலும். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் உண்டு. வெயிலில் நீர் வற்றுவது, கிணற்று நீரின் கடினத்தன்மையும் ஃபுளோரைடும், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று காரணங்களாகப் பல சொல்லப்படுகின்றன, ஒத்த கருத்து இல்லை. 2020-இல் ஓர் ஆய்வுக்குழு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் குழாய்ச் செல்களுக்குள் வீங்கிய லைசோசோம்களை (செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் பைகளை)ப் பார்த்து, நச்சுப்பொருளின் அடையாளம் இது என்று வாதிட்டது. மற்றவர்கள், அது எந்தச் சிறுநீரக நோயிலும் தெரியக்கூடியதுதான் என்றார்கள்.

அந்த லைசோசோமுக்குள் இருப்பது என்ன என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூலக்கூறைப் படம் எடுத்தால் விவாதம் முன்னேறும். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் திசுவில் எங்கே படிந்திருக்கின்றன என்று லேசரால் வரைபடம் போடும் முறையும் இருக்கிறது. தேவைப்படுவது, நோய் முற்றாத நிலையில் எடுத்த திசு. முற்றியபின் எடுத்தால் தழும்பு மட்டும்தான் இருக்கும், தழும்புக்குக் காரணம் நினைவில் இருக்காது.

பழைய பயாப்ஸி மெழுகுக் கட்டிகளை இதற்குப் பயன்படுத்த முடியுமா?

ஓரளவு முடியும். ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்த கட்டியில் புரதங்கள் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. லேசர் வெட்டு முறைக்கு அதுவே போதும். ஆர்என்ஏ உடைந்திருக்கும், ஆனாலும் இப்போதைய முறைகள் பல அந்த உடைந்த துண்டுகளையே படித்துவிடுகின்றன. கொழுப்புகளைப் பார்க்க வேண்டுமானால் எடுத்தவுடன் உறையவைத்த திசுதான் வேண்டும். மெழுகில் பதிக்கும்போது கரைப்பான்கள் கொழுப்பைக் கழுவிவிடும். நம் பெரிய மருத்துவமனைகளில் இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் மெழுகுக் கட்டிகள் ஒரு புதையல் என்றே சொல்வேன். அவற்றை ஈரமும் வெப்பமும் படாமல், நோயாளியின் பின்னாளைய விவரங்களோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

குறைகளே இல்லையா?

உண்டு. ஊசியில் வருவது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நூல். அதில் பத்து இருபது முடிச்சுகள் இருக்கும். பத்து லட்சத்தில் இருபது! ஆங்காங்கே மட்டும் இருக்கும் நோய், ஊசி போன வழியில் இல்லாமல் போகலாம்.

இன்னொன்று, திசு ஒரு நாளின் படம். ஒரு செல் கெட்டுக்கொண்டிருக்கிறதா, தேறிக்கொண்டிருக்கிறதா என்று ஒற்றைப் படத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வழியில் ஒரே தோற்றம் வரலாம். ஒரு மூலக்கூறு நோயிருக்கும் இடத்தில் குவிந்திருப்பதால் அதுதான் நோயை உண்டாக்கியது என்றும் ஆகாது. செலவும் அதிகம், அதனால் ஆய்வுகளில் ஆட்கள் குறைவு. சேர்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள். தெற்காசியர் திசு மிகக் குறைவு. நெல்-1 விஷயத்தில் சென்னையும் மலப்புரமும் காட்டியதை மேலைநாட்டு நோயாளிகளை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. இங்கே திசுவங்கிகள் அமைக்கப் பணம் ஒதுக்கினால் உலகத்துக்கே பயன்.

ஏஐ வந்ததால் நோய்க்குறியியல் மருத்துவர் தேவையில்லையா?

தேவை. செல்லின் எல்லையை வரைவது, முடிச்சுகளை எண்ணுவது போன்றவற்றை மென்பொருள் வேகமாகச் செய்கிறது, அது இல்லாமல் லட்சக்கணக்கான செல்களைக் கையாள முடியாது. ஆனால் சீவலில் விழுந்த மடிப்பையும் நோயையும் பிரித்துச் சொல்ல இன்றும் அனுபவமுள்ள கண்தான் வேண்டும்.

பயாப்ஸி இல்லாமலே இதெல்லாம் தெரிந்துகொள்ளும் காலம் வருமா?

ஒரு நோயில் ஏற்கெனவே வந்துவிட்டது. பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி இரத்தத்தில் தெளிவாக இருந்து, சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருந்தால், பயாப்ஸி இல்லாமலே மெம்பிரேனஸ் என்று முடிவு செய்யலாம் என 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அடினைன் போன்றவையும் அந்தத் திசையில்தான் போகின்றன: முதலில் திசுவில் இடத்தைப் பார்த்து அடையாளம் காண்பது, பிறகு அதையே இரத்தத்திலோ சிறுநீரிலோ தேடுவது.

எனக்கு அடுத்த வாரம் பயாப்ஸி. மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

கோடெக்ஸ், மால்டி எல்லாம் ஆராய்ச்சிக் கருவிகள். அவற்றைக் கேட்டு அலைய வேண்டாம். இவற்றைக் கேளுங்கள். ஐஎஃப் செய்யத் தனித் துண்டு எடுப்பார்களா? எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்களா? மெம்பிரேனஸ் என்று வந்தால் பிஎல்ஏ2ஆர், நெல்-1 சாயங்கள் பார்க்க முடியுமா? அமிலாய்டு என்று வந்தால் எந்த வகை என்று உறுதி செய்யாமல் கீமோ தொடங்குவார்களா?

ஆஸ்பிரின் போன்ற இரத்தம் இளக்கும் மாத்திரைகள் சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் முழு நகலை வாங்கி வையுங்கள், கடைசி வரியில் இருக்கும் நோயின் பெயர் மட்டும் போதாது. மெழுகுக் கட்டி எங்கே, எத்தனை ஆண்டுகள் பாதுகாக்கப்படும் என்றும் கேளுங்கள். ஐந்து ஆண்டு கழித்துப் புதிதாக ஒரு சாயம் வந்தால், மறுபடி ஊசி குத்தாமல் அந்தக் கட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.